கோஸ் லாரியில் வந்த அத்தை

மகேந்திரனின் கார் ஒரே ராத்திரியில் இளைத்துப்போனது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அதே வெள்ளை நிறம், அதே வழவழப்பு. ஓட்டம்தான் போய்விட்டது. முழுசாகச் சார்ஜ் போட்டால் இருநூற்று எழுபது கிலோமீட்டர் என்று முந்தின நாள்வரை பல்லைக் காட்டிக்கொண்டிருந்த திரை, மறுநாள் காலையில் நூற்றுத் தொண்ணூறு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இடையில் நடந்தது ஒன்றுதான். புது மென்பொருள் வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கார் கேட்டது. கேட்கிற மரியாதைக்கு மகேந்திரன் சரி என்று தட்டிவிட்டுப் படுக்கப் போனான். கோப்பெங்கில் தாமான் குடியிருப்பு வீட்டு வாசலில் பூட்டி நிறுத்திய காருக்குள் ஒரு ஈ காக்கை நுழையவில்லை. ஆனாலும் எண்பது கிலோமீட்டரைக் காணவில்லை.

ஈப்போவில் கார் விற்ற இடத்துக்குப் போய்ச் சத்தம் போட்டான். அங்கிருந்த பையன் சிரித்த முகம் மாறாமல், "பேட்டரி சேஃப்டிக்குத்தான் அங்கிள், நார்மல் லா" என்று தண்ணீர் போத்தல் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினான். இதே கார் வைத்திருந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தைப்பிங்கிலிருந்து ஜொகூர்வரை எல்லோரும் வயிறெரிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மகேந்திரன் சாப்பிடும்போதும் அதைத்தான் படித்தான்.

"எஸ்டேட்டுல ரப்பர் பால் நிறுக்கிறப்ப, தண்ணி கலந்திருக்குன்னு கணக்கெழுதுற கிராணி ரெண்டு ராத்தல் வெட்டுவான்ல, அந்த மாரி இருக்குடா இது," என்றாள் நல்லம்மாள். "கேட்டா ஒன் நல்லதுக்குத்தான்னுவான்."

நல்லம்மாள் மகேந்திரனின் அக்கா. கல்யாணம் காட்சி என்று எதற்கும் தனக்காக நிற்காமல் தம்பி வீட்டோடு இருந்துவிட்டவள். தோட்டம் செம்பனையாக மாறி எல்லோரும் வெளியேறியபோது மரம் சீவும் கத்தியை வைத்துவிட்டு வடைச்சட்டியைப் பிடித்தாள். இன்றைக்கும் கோப்பெங் பசாரில் விடிந்தால் அவள் கடை முன்னால் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மூன்று வரிசை நிற்கும். பாரியான உடம்பு. பஸ்ஸில் இரண்டு பேர் இடம் வேண்டும். கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தால் நின்றுகொண்டே இருப்பாள். அதைப்பற்றி யாராவது கேலி பேசினால் முதலில் சிரிப்பவளும் அவள்தான். பிறர் சிரிப்பதற்குமுன் தான் சிரித்துவிட்டால் பாதி வலி குறையும் என்பது அவள் கண்டுபிடித்த வைத்தியம்.

கார் இளைத்த நேரம் பார்த்து வீட்டில் நல்ல காரியம் ஒன்று கூடி வந்தது. மகேந்திரனின் மகள் புனிதாவுக்கு மலைமேல் இருக்கும் கம்போங் ராஜாவில் வரன் அமைந்திருந்தது. அங்கே மலைச்சரிவில் கோஸ் தோட்டம் வைத்திருக்கும் சுகுமாரனின் மகன் தனேஸ்வரன். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் மேலே போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து, தட்டு வைத்துத் தாம்பூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். போகிறவர்கள் ஒற்றைப்படையில் போக வேண்டும் என்பதால் ஐந்து பேர் என்று முடிவாகியிருந்தது. மகேந்திரன், அவன் மனைவி கலாதேவி, நல்லம்மாள், லகாட்டிலிருந்து கலாதேவியின் தம்பி விக்னேஸ்வரன், அவன் மனைவி.

சனிக்கிழமை சாயங்காலம் பேராக் மாநிலத்துக்கே உரிய மழை பிடித்துக்கொண்டது. இடி ஒன்று விழுந்து தாமான் முழுக்கக் கரண்டு போனது. சார்ஜில் போட்டிருந்த கார் முக்கால் வயிற்றோடு நின்றது. திரும்ப எப்போது கரண்டு வருமோ யாருக்கும் தெரியாது.

"மச்சான், என் காரை எடுத்துக்கிட்டுப் போலாம்லா. பெட்ரோல் ஊத்தினோமா போனோமான்னு இருக்கும்," என்றான் அன்றைக்கே மனைவியோடு வந்து சேர்ந்திருந்த விக்னேஸ்வரன். ஊதினால் பறந்துபோகிற உடம்பு அவனுக்கு. வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு இருக்கும்.

"அது நடக்காது. எலெக்ட்ரிக் காருல வாரோம்னு சம்பந்திகிட்ட வாய் நெறயச் சொல்லியாச்சு. இப்ப ஒன் காருல போயி எறங்கினா என் மூஞ்சி என்ன ஆவும்?"

"மூஞ்சி போனா பரவால்ல. வழியில நின்னா சூசா லா மச்சான், பெரிய தொல்லை."

"நிக்காது. கனத்தைக் கொறைச்சா ஏறிடும்."

அப்புறம் அந்த வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்வது! நல்லம்மாள் உளுந்து நிறுக்கும் தராசைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் சீர்த்தட்டுகளை நிறுக்க ஆரம்பித்தான் மகேந்திரன். ஏழு தட்டு ஐந்தானது. தேங்காய் கனம் என்று வெளியே வந்தது. வாழைத்தார் ஒரு சீப்பாகச் சுருங்கியது. அன்னாசிப் பழத்தைக் கையில் தூக்கிப் பார்த்தான், பெருமூச்சு விட்டுக் கீழே வைத்தான். கலாதேவி தலையில் அடித்துக்கொண்டாள். பொருள் முடிந்து ஆட்களுக்கு வந்தபோது ஐந்து பேர் மூன்று பேரானார்கள். விக்னேஸ்வரன் தாய்மாமன், அவன் வராமல் முடியாது. அவன் மனைவி தான் வரவில்லை என்று ஒதுங்கிக்கொண்டாள். அடுத்த பெயரை மகேந்திரன் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அண்ணி இல்லாம எப்படிங்க?" என்றாள் கலாதேவி. "மொதத் தட்டை அத்தை கையிதான எடுத்து வைக்கணும்?"

"நீ எடுத்து வையேன்."

"நான் அம்மாங்க."

"அம்மா கையி கையில்லையா?"

விக்னேஸ்வரனால் வாயைக் கட்ட முடியவில்லை. "ஒங்க அக்காவை ஏத்தினா காரு மலையடியில, சிம்பாங் பூலாயிலயே படுத்துக்கும். அப்புறம் அக்காதான் எறங்கித் தள்ளணும்!"

மகேந்திரன் சிரித்துவிட்டான்.

அடுப்படியில் முறுக்கு உரலைப் பிடித்துக்கொண்டிருந்த நல்லம்மாளுக்கு எல்லாம் கேட்டது. விக்னேஸ்வரன் சொன்னது அவளைச் சுடவில்லை. அவன் வாய் தெரிந்த வாய்தான். தம்பி சிரித்ததுதான் சுட்டது. இந்த முறை முந்திக்கொண்டு சிரிக்க அவளால் முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் மகேந்திரன் வந்து கதவோரம் நின்றான். "அக்கா, ஒனக்கு முட்டி வலி. மேல குளுரு வேற..."

"சரிடா," என்றாள் நல்லம்மாள், திரும்பிப் பார்க்காமல்.

அவன் போனதும் புனிதா வந்தாள். அந்தப் பெண் பிறந்த நாளிலிருந்து அத்தை மடியில் வளர்ந்தவள்.

"அழுவுறீங்களா அத்தை?"

"வெங்காயம்டி."

"முறுக்குக்கு எதுக்கு வெங்காயம்?"

நல்லம்மாள் உரலை அழுத்திப் பிழிந்தாள். புனிதா எண்ணெய்ச் சட்டியில் முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "கனகராஜ் அண்ணே லாரி நாளைக்கு மேலதான போவுது?" என்றாள். "ஏறுறப்ப காலியாத்தான் போவும் அத்தை. கோஸ் ஏத்திக்கிட்டு எறங்குறப்பதான் லோடு."

அத்தையும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "அந்த அன்னாசியை எங்கடி வச்சான்?"

விடிந்தும் விடியாமலும் கனகராஜின் லாரி பின் சந்தில் வந்து நின்றது. கனகராஜ் மூன்று வீடு தள்ளி இருப்பவன், வாரத்தில் பாதி நாள் மலைக்கும் ஈப்போ மார்க்கெட்டுக்கும் காய்கறி அடிப்பவன். லாரிப் படி நல்லம்மாளின் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. புனிதா குளியலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். கனகராஜ் மேலிருந்து கையைப் பிடித்து இழுத்தான், புனிதா கீழிருந்து தாங்கினாள். ஒரு தம், இரண்டு தம். மூன்றாவது தம்மில் நல்லம்மாள் உள்ளே விழுந்து, பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டு, "அந்தத் தட்டு ரெண்டையும் குடுடி" என்று கையை நீட்டினாள். தம்பி கழித்துப்போட்ட தேங்காய், வாழைத்தார், அன்னாசி எல்லாம் அவள் மடியில் ஏறின.

சிம்பாங் பூலாய் தாண்டியதும் சுண்ணாம்பு மலைகள் பனிக்குள் நின்றன. கல்லுடைக்கும் இடத்து லாரிகள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் ரோடு தலையைத் தூக்கியது. லாரி முக்கி முக்கி ஏறியது. ஜன்னல் வழியாகக் குளிர் வந்து கன்னத்தில் அடித்தது. காட்டு வாழையும் மூங்கிலும் பெரணியும் மாறி மாறி வந்தன. நல்லம்மாளுக்கு வாய்விட்டுப் பாட வேண்டும் போல இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு வண்டியில் ஏறிவிட்டு இடத்துக்காகக் கூச்சப்படாமல் கால் நீட்டி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"தம்பி ஏசப் போறாரு அக்கா," என்றான் கனகராஜ்.

"ஏசட்டும். நான் என்ன அவன் காருலயா ஏறினேன்?"

கம்போங் ராஜாவில் மலைச்சரிவு முழுக்க பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள். சுகுமாரனின் வீடு ரோட்டோரம் இருந்தது. சம்பந்தி வீட்டார் காரில் வருவார்கள் என்று சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்த சுகுமாரன், கோஸ் லாரியிலிருந்து பட்டுச்சேலையும் அன்னாசியுமாக ஒரு அம்மாள் இறங்குவதைக் கண்டு திகைத்துப்போனார்.

"நான் பொண்ணோட அத்தை," என்றாள் நல்லம்மாள்.

"வாங்க, வாங்க. மத்தவங்க எங்க?"

"பின்னால வாராங்க. எலெக்ட்ரிக் காரு பாருங்க, நிதானமா வரும். நான் கொஞ்சம் ஒத்தாசையா இருக்கலாம்னு முன்னால வந்துட்டேன்."

தம்பியைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. நேரே அடுப்படிக்குப் போனாள். சுகுமாரனின் மனைவி உளுந்து மாவில் தண்ணீரைக் கூடுதலாக விட்டுவிட்டு, வடை வட்டமாக வராமல் தவித்துக்கொண்டிருந்தாள். நல்லம்மாள் அரிசி மாவு கொஞ்சம் கேட்டு வாங்கி, பிசைந்து, சட்டி முன்னால் நின்றாள். அரை மணியில் இருவரும் கூடப் பிறந்தவர்கள் போலச் சிரித்துப் பேச ஆரம்பித்தார்கள்.

வடை முக்கால்வாசி சுட்டு முடித்தபோது கார் வந்தது. வந்தது என்று சொல்வது மரியாதைக்கு. ஆமை கூடப் பார்த்தால் வழிவிடச் சொல்லியிருக்கும். கரண்டு மிச்சம் பிடிக்க ஏர்கோனை அடைத்து, காற்று தடுக்கும் என்று கண்ணாடியையும் ஏற்றிவிட்டு வந்ததில், மலைக்குளிரிலும் மூன்று பேரும் வேர்த்து ஊற்றி இறங்கினார்கள். கலாதேவியின் தலைப்பூ வாடிப்போயிருந்தது. விக்னேஸ்வரன் பேச்சில்லாமல் இருந்தான். திரையில் ஆறு சதவீதம் மிச்சம் இருந்தது.

நல்லம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "வாங்க, வாங்க. வழி தெரியாம அலைஞ்சிட்டீங்களா? உள்ள வாங்க, வடை ஆறுது."

"அக்கா!" என்றான் மகேந்திரன். வாய் திறந்தபடியே நின்றது.

"அலாமாக்!" என்றான் விக்னேஸ்வரன்.

கலாதேவி மட்டும் ஓடிப்போய் நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். சுகுமாரனின் மனைவி பாயை விரித்து, "மொதத் தட்டு அத்தை கையால வைங்க. நாங்க அதுக்குத்தான் காத்திருந்தோம்," என்றாள். நல்லம்மாள் தேங்காயும் வெற்றிலையும் வைத்த தட்டை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். ஏழு தட்டும் வரிசையாகப் போய்ச் சேர்ந்தன. மகேந்திரன் தலையைத் தூக்கவில்லை. தேங்காயும் இல்லாமல் அத்தையும் இல்லாமல் இந்தப் பாயில் வந்து உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். காரில் வந்தபோது ஊற்றியதைவிட அதிகமாக இப்போது வேர்த்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் சுகுமாரன் பெருமையாக, "காருக்குச் சார்ஜ் போட்டுக்குங்க," என்று கூடத்துப் பிளக்கைக் காட்டினார். மகேந்திரன் வயரை இழுத்து மாட்டினான். டப்பென்று ஒரு சத்தம். விளக்கு, தோட்டத்துத் தண்ணீர் மோட்டார், சோறு வெந்துகொண்டிருந்த குக்கர் எல்லாம் அணைந்தன. சுவிட்சைத் தூக்கிவிட்டு மறுபடி மாட்டினான். மறுபடி டப். மூன்றாவது தடவை மாட்ட அவனுக்குத் துணிவில்லை. பெண் கொடுக்க வந்த இடத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் போனான் என்ற பேர் வேண்டாமே.

விருந்து நன்றாகவே இருந்தது. மகேந்திரனுக்குத்தான் இறங்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். அடுத்த சார்ஜர் பிரிஞ்சாங் பக்கம், இன்னும் மேலே. ஆறு சதவீதத்தில் அங்கே ஏற முடியாது. கோப்பெங்குக்குச் சமரோட்டில் போவதானாலும் முடியாது.

மாப்பிள்ளைப் பையன் தனேஸ்வரன் பக்கத்தில் வந்து நின்றான். "எறக்கத்துல பிரேக் பிடிச்சா சார்ஜ் ஏறும்ல மாமா?"

"ஏறும் தம்பி. ஏறுறது நம்ம கனத்தைப் பொறுத்தது. வண்டி கனமா இருந்தா நல்லா தள்ளும், நல்லா ஏறும். லேசா இருந்தா..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். தனேஸ்வரன் எதையோ பார்ப்பதுபோல் தோட்டத்தைப் பார்த்தான். விக்னேஸ்வரன் வாசலில் நின்ற நல்லம்மாளைப் பார்த்தான், வாயைத் திறந்தான், உடனே மூடிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அப்படி மூடியது அதுதான் முதல் தடவை.

மகேந்திரன் அக்காவிடம் போனான். "அக்கா, போலாமா?"

"நான் லாரியில போறேன்டா. வந்த மாரியே."

"காருல வாக்கா."

"முட்டி வலிக்குமே. குளுரு வேற."

மகேந்திரன் ஒரு அடி கிட்டே வந்தான். "நேத்து நான் சிரிச்சிருக்கக் கூடாதுக்கா. அவன் சொன்னப்பவே அவன் வாயில ஒண்ணு போட்டிருக்கணும். ஒன்னை விட்டுட்டு வந்தது அதைவிடப் பெரிய தப்பு."

நல்லம்மாளுக்குக் கண் நிறைந்தது. ஆனாலும் அவ்வளவு சுலபத்தில் விட்டுவிட அவளுக்கு இஷ்டமில்லை. "உள்ளதைச் சொல்லு. எனக்காகக் கூப்புடுறியா, காருக்காகக் கூப்புடுறியா?"

மகேந்திரன் யோசித்தான். "ரெண்டுக்குந்தான்கா."

அந்தப் பதில்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்காக என்று மட்டும் சொல்லியிருந்தால் நிச்சயம் லாரியில் ஏறியிருப்பாள். "முன் சீட்டு எனக்கு," என்றாள்.

"ஏறுக்கா."

அப்போதுதான் கலாதேவி கையை உயர்த்தினாள். "நாலு பேரா போவக்கூடாதுங்க. நல்ல காரியம், ரெட்டைப்படையா திரும்பறதா?"

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். சுகுமாரன் சம்பந்திகளுக்கென்று கட்டி வைத்திருந்த கோஸ் மூட்டைகள் இரண்டும் சுவரோரம் இருந்தன. மகேந்திரன் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு விக்னேஸ்வரனை ஏற இறங்கப் பார்த்தான்.

"மச்சான், தப்பா நெனச்சுக்காத. ரெண்டு மூட்டையும் சேந்தா ஒன்னைவிடக் கனம்."

கோஸ் ஏற்றிக்கொண்டு வந்து நின்ற கனகராஜின் லாரியில் விக்னேஸ்வரன் ஏறினான். அவன் இடத்தில் கோஸ் உட்கார்ந்தது. சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார்கள்.

புறப்பட்டதும் சின்ன மேடு ஒன்று வந்தது. ஆறு ஐந்தானது. யாரும் மூச்சு விடவில்லை. மேடு முடிந்தது, ரோடு மூக்கைக் கீழே கவிழ்த்தது. மகேந்திரன் பெடலிலிருந்து காலை எடுத்தான். கார் தானாக உருண்டது, உள்ளே எங்கோ மெல்லிசாக ரீங்காரம் கேட்டது. ஐந்து ஆறானது.

"ஏறுதுடா!" என்றாள் நல்லம்மாள்.

வளைவு மேல் வளைவு. ஏழு, எட்டு. பனி விலகி கீழே காடு பச்சையாகத் திறந்தது. கோஸ் மூட்டை பக்கத்தில் நசுங்கி உட்கார்ந்திருந்த கலாதேவி பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். "அண்ணி, பத்து! அண்ணி, பதினொண்ணு!"

"இன்னும் நாலு வடை தின்னிருக்கலாம்டா," என்றாள் நல்லம்மாள்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். யாரும் கேலி பேசி முடிப்பதற்குள் முந்திக்கொள்ளும் சிரிப்பில்லை அது. வயிற்றிலிருந்து குலுங்கி வந்தது. அவள் குலுங்கக் குலுங்கக் காரும் குலுங்கியது, கலாதேவிக்கும் பற்றிக்கொண்டது, மகேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினான். அறுபது வருஷமாக எங்கே போனாலும் சுருங்கிக்கொள், ஒதுங்கிக்கொள் என்று அவள் கெஞ்சிக்கொண்டிருந்த உடம்பு, இன்றைக்கு ஒரு வீட்டையே மலையிலிருந்து இறக்கிக்கொண்டு போனது. அதை நினைக்க நினைக்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடிவாரத்தில் பதினேழு. கோப்பெங் போய்ச் சேர்ந்து மிச்சமும் இருக்கும். சிம்பாங் பூலாய்க் கடை ஒன்றில் நிறுத்தினார்கள். தேத்தண்ணி வந்தது. மகேந்திரனின் கைப்பேசி விடாமல் கிணுகிணுத்தது. வாட்ஸ்அப் குழுவில் யாரோ அடுத்த மென்பொருளில் எல்லாம் சரியாகிவிடும் என்று போட்டிருந்தார்கள், யாரோ அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் எடுத்துப் பார்க்கவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னால இன்னும் ரெண்டு மூணு தடவை மேல போக வேண்டியிருக்கும்கா," என்றான்.

"ம்."

"நீ காருலதான் வரணும்."

"எறங்குறப்ப சரி. ஏறுறப்ப?"

"ஏறுறப்பவும் நீ முன் சீட்டுலதான்."

"நடு வழியில நின்னுச்சுன்னா?"

"நிக்கட்டும்கா. ஒன்னோட சேந்து நின்னா என்ன இப்ப?"

நல்லம்மாள் தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்தாள். கோப்பையை மேசையில் வைத்தாள்.

"அப்ப ரெண்டு கிலோ உளுந்து கூட ஊறப்போடுறேன்," என்றாள். "நிக்கிற எடத்துல எல்லாருக்கும் பசிக்கும்லா."